பதம் அறியும் புலன்கள்

கரிசல் சீமையில் வழங்கும் சொற்களுள் 'பதம்' என்பதைப் போல் ஓயாது உழைக்கும் சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. உழவர் நிலத்தின் பதம் பார்க்கிறார். தாய் சோற்றின் பதம் பார்க்கிறாள். கொல்லர் இரும்பின் பதம் பார்க்கிறார். கடலைமிட்டாய் செய்பவர் பாகின் பதம் பார்க்கிறார். இவர்களுள் எவரும் அதற்கென அளவுகோலையோ வெப்பமானியையோ தேடிச் செல்வதில்லை. கண், செவி, மூக்கு, நாக்கு, தோல் என ஆண்டவர் அளித்த ஐந்து கருவிகளே அவர்களுக்கு அளவைகள்.

ஐம்புலன்களைப் பற்றி நாம் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவை பெரும்பாலும் எச்சரிக்கைகளே. கண்ணை அடக்கு, நாவைக் கட்டு, செவியைக் காத்துக்கொள் என்பன அவை. அந்த அறிவுரைகள் தேவையானவை; அவற்றைக் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று. ஆயினும் அவை உண்மையின் ஒரு பாதி மட்டுமே. வாக்கு மனுவுருவானார் என்று விசுவசிக்கும் நாம், அந்த வாக்கைத் தாம் காதால் கேட்டதாகவும், கண்ணால் கண்டதாகவும், கையால் தொட்டதாகவும் புனித அருளப்பர் தம் முதல் நிருபத்தின் முகப்பிலேயே சாட்சி கூறுவதை மறந்துவிடக்கூடாது. நம் விசுவாசமே புலன்களின் வழியாக வந்தது. அத்தகைய வாயில்களை அடைத்து வைப்பதற்கு மட்டும் கற்றுக்கொடுத்து, திறந்து வைப்பதற்குக் கற்றுக்கொடாமல் விடுவது நியாயமாகுமா?

மண் பேசும் மொழி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை எனப் பரந்து கிடக்கும் இந்நிலப்பரப்பில் வற்றாத ஆறு இல்லை. பெரும்பாலும் மானாவாரி வேளாண்மைதான். ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். ஆகவே விதைக்கும் நாளைத் தேர்ந்துகொள்வதில்தான் ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான கஞ்சி அடங்கியிருக்கிறது.

கரிசலின் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. நீரைக் குடித்து உப்புகின்றன. வெயிலில் சுருங்கி வெடிக்கின்றன. கோடையில் மனிதனின் கை நுழையும் அளவுக்கு நிலம் பிளந்து நிற்பதைக் காணாத கரிசல்காட்டுப் பிள்ளை இல்லை. மேல்மண் அப்பிளவுகளுக்குள் சரிந்து விழ, அடுத்த மழையில் நிலம் மூடிக்கொள்கிறது. தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று இதனைக் கூறுவர். ஈரம் மிஞ்சினால் ஏர்க்காலிலும் மனிதக் காலிலும் அப்பிக்கொண்டு விடாது. காய்ந்தால் கல்லாக இறுகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே கிடைப்பவை சில நாட்களே.

அந்த நாட்களை உழவர் எவ்வாறு அறிகிறார்? விரல் ஆழத்துக்குத் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் வைத்து இறுக்குகிறார். கையில் ஒட்டினால் காத்திருக்கிறார். உருண்டையாகி, கீழே போட்டால் உதிருமானால் மாட்டைப் பூட்டுகிறார். இன்றைய நாளில் டிராக்டருக்குச் சொல்லி அனுப்புகிறார் என்று திருத்திக்கொள்ளலாம். உருண்டையாகவே ஆகாவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

மூக்கும் இதில் துணை நிற்கிறது. எங்கோ தொலைவில் பெய்த முதல் மழையின் வாசனையைக் காற்று கொண்டுவரும்போதே, களத்தில் காயும் தானியத்தை அள்ளத் தொடங்கிவிடுவார்கள். இந்த மண்வாசனைக்கு 1964ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் 'பெட்ரிக்கோர்' என்று பெயரிட்டனர். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருள் அவ்வாசனைக்கு ஒரு முக்கியக் காரணம். காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததும் இதே நுண்ணுயிர்க் குடும்பத்திலிருந்துதான். காற்றில் ஓர் இலட்சம் கோடிப் பங்கில் சில பங்கு ஜியோஸ்மின் இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்கிறது. நாயைப் போல மோப்பம் நமக்கு இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். மழைக்கு ஏங்கும் உயிராகவே நம்மைப் படைத்தவர் நம் மூக்கைச் செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. 'கே' என்னும் எழுத்தைப் பெயரில் தாங்கிய பருத்தி, சோள இரகங்கள் பல அங்கிருந்து வெளிவந்தவை. ஈரப்பதத்தை அளக்க இன்று கருவிகள் உண்டு, அவை நல்லவையே. எனினும் தம் காட்டை மிதித்துப் பழகிய முதியவரின் உள்ளங்கால் அறிந்ததையும் அருகில் வைத்துக்கொள்வதால் இழப்பு ஒன்றும் இல்லை.

விரலும் காதும்

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெருமையை எல்லாரும் நாவுக்கே அளிக்கின்றனர். அது முழு நியாயமன்று. கடலை வறுபடும்போது பச்சை வாசனை மாறி வறுவாசனை எழும் நொடியை மூக்குதான் சொல்கிறது. தோல் உரியும் பக்குவத்தை விரல் சொல்கிறது. வெல்லப்பாகு கொதித்து நுரைத்து நிறம் மாறுவதைக் கண் சொல்கிறது. கடைசித் தீர்ப்போ காதுக்கு உரியது. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்து, தட்டில் போட்டால் 'டங்' என்று கல்லைப் போல ஒலிக்கவேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் மிட்டாய் பல்லில் ஒட்டும். நேரம் கடந்தால் கசக்கும். ஐந்து புலன்களும் ஒரே அடுப்பின் முன் கூடி முடிவெடுக்கும் இக்காட்சிக்கு ஈடான பாடம் பள்ளிக்கூடத்தில் அரிதே.

தானியத்தைக் குலுக்கையில் கொட்டும் முன் ஒரு கம்பு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். 'கடக்' என்று உடைந்தால் காய்ந்தது. அமுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். பருத்தி எடுப்பவர்கள் விடியற்காலையிலேயே காட்டுக்குப் போவதற்கும் காரணம் உண்டு. பனி ஈரத்தில் காய்ந்த இலைச்சருகு நொறுங்காது. பஞ்சில் தூசு கலவாது. வெயில் ஏறிச் சருகு மொறுமொறுத்ததை விரல் உணரும்போது அன்றைய எடுப்பு முடிந்தது. அந்தப் பருத்தியின் விதையை அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சிய பருத்திப்பாலின் மணத்தைக் குளிர்ந்த மாலையில் உணர்ந்தவர்களுக்கு, அதைப் பற்றி எழுத்தில் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் புலன்களைப் போற்றிப் பேசும்போது இப்பகுதியில் ஒன்றை மறைக்கக்கூடாது. இந்தச் சீமையின் தீப்பெட்டித் தொழிலில் சட்டங்களில் குச்சி அடுக்கிய விரல்கள் பல ஆண்டுக்காலம் பிள்ளைகளின் விரல்களாக இருந்தன. சிறு விரல்களின் தொடு உணர்ச்சியும் வேகமும் காசாயின. எழுத்தைத் தடவிக் கற்கவேண்டிய வயதில் அவர்கள் குச்சியைத் தடவினார்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளிகளின் பெருக்கமும், இயந்திரங்களின் வரவும் நிலைமையைப் பெரிதும் மாற்றின. பஞ்சாலையில் கதிர்களின் இரைச்சலுக்கு நடுவே முப்பது ஆண்டு நின்றவர்களுள் பலர் இன்று பேரப்பிள்ளைகள் சொல்வதை இரண்டாம் முறை கேட்கிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே. நாம் உடுத்த துணிக்கும் ஏற்றிய விளக்குக்கும் சிலர் தம் புலன்களையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கேட்கக் கற்றவர்

பரலோக மாதா திருத்தலம் அமைந்த காமநாயக்கன்பட்டியை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆகஸ்டு 15ஆம் நாள் அங்கு திரளும் மக்கள் கூட்டமே போதும். அப்பங்கில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றியவர் இத்தாலி நாட்டுச் சேசு சபைக் குரு கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர். அவர் தமிழுக்குச் செய்த தொண்டுகளுள் நிகண்டுக்கு மாற்றான சதுரகராதியையும் தேம்பாவணிக் காப்பியத்தையும் யாவரும் புகழ்வர். நாம் இங்கே எண்ணுவது அவர் காதை.

அக்காலத்து ஏடுகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் தெளிவான வேறுபாடு இருக்கவில்லை. புள்ளியை வைத்து வேறுபடுத்தும் பழைய வழக்கம் ஓலையில் நிலைக்கவில்லை. தமிழர்க்கு அதனால் பெரும் இடர் இல்லை. சொல் பழக்கமானதால் வாய் தானே சரியாக ஒலித்தது. வேற்று மொழியிலிருந்து வந்து ஒவ்வொரு ஒலியையும் கூர்ந்து கேட்டுக் கற்றவருக்கோ அந்தக் குறில் நெடில் வேறுபாடு முக்கியமாகப் பட்டது. காது கேட்டதைக் கண்ணும் காணும்படி எழுத்தின் வடிவைத் திருத்தி அமைத்தார். நாம் இன்று எழுதும் ஏ, ஓ ஆகிய எழுத்துகளில் அவருடைய செவிக்கூர்மை பதிந்திருக்கிறது. பழகியவர் காது உறங்கும். புதியவர் காது விழித்திருக்கும்.

இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அவ்வூரை விட்டுப் போகாமலே இத்தகைய காதைப் பெற்றிருந்தார். மக்கள் வாயிலிருந்து சொற்களைப் பொறுக்கி அவர் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. அவர் 2021ஆம் ஆண்டு மறைந்தார். அவர் கேட்டிராவிட்டால் பல சொற்கள் அவற்றைப் பேசிய பாட்டிமாரோடு புதைந்திருக்கும்.

எண்ணெய் பூசிய வாயில்கள்

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பியர், தொடு உணர்ச்சியை முதலாவதாக வைத்தார். புல்லும் மரமும் அந்த ஓரறிவு உடையவை. அடுத்து நாக்கு, மூக்கு, கண், செவி என ஏறி, ஆறாவதாக மனத்தை வைத்து மனிதனை நிறுத்துகிறார். புலன்களைத் தள்ளிவிட்டு மனம் வருவதில்லை. அவற்றின் தோளில் ஏறி வருகிறது.

திருச்சபையின் வழிபாடும் இதையே செய்கிறது. மணியோசை, சாம்பிராணிப் புகை, தீர்த்தம், மெழுகுவர்த்தியின் ஒளி, நாவில் வைக்கப்படும் அப்பம் எனத் திருப்பலியில் ஐம்புலன்களுள் ஒன்றும் வேலையின்றி இருப்பதில்லை. பெரியவர்கள் 'அவஸ்தைபூசுதல்' என்று வழங்கிய திருவருட்சாதனத்தில், குருவானவர் நோயாளியின் கண்கள், காதுகள், மூக்கு, வாய், கைகள், கால்கள் ஆகியவற்றில் ஒவ்வொன்றாக எண்ணெய் பூசி, அந்தந்தப் புலனால் செய்த பாவங்களுக்கு மன்னிப்பு வேண்டுவார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் சடங்கைச் சீரமைத்த பின் நெற்றியிலும் கைகளிலும் பூசப்படுகிறது. புதிய முறையில் நோயாளிக்கு ஆறுதல் கூடுதலாக விளங்குகிறது என்பது மெய். எனினும், வாழ்நாளெல்லாம் உழைத்த ஒவ்வொரு புலனையும் தேடிச் சென்று தொட்ட அந்தப் பழைய விரலை எண்ணினால் இன்றும் நெஞ்சம் கசிகிறது. புனித இஞ்ஞாசியாரும் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், நற்செய்திக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு அதை மனத்தால் பார்க்கவும், கேட்கவும், முகரவும், சுவைக்கவும், தொடவும் கற்பிக்கிறார்.

வடமலாபுரத்துப் பிள்ளை

புலனின் அருமை அதை இழக்கும்போது தெரியும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் கண்டவர்களுள் பலர் மணமும் சுவையும் இழந்து, காப்பி வெந்நீராகவும் குழம்பு உப்புத்தண்ணீராகவும் மாறியதைக் கண்டு திகைத்தார்கள். பெரும்பாலோர்க்கு அது சில வாரங்களில் திரும்பியது. முதுமையில் மெல்ல மெல்ல மங்கும் கண்ணுக்கும் காதுக்கும் அந்தத் திகைப்புக்கூட வருவதில்லை. 'வயசானால் அப்படித்தான்' என்று வீட்டார் சொல்ல, முதியவரும் ஒப்புக்கொண்டு திண்ணைக்கு ஒதுங்குகிறார்.

இந்த 'அப்படித்தான்' என்ற சொல்லை ஏற்க மறுத்த ஒருவரை இதே கரிசல் மண் பெற்றது. 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. தாளும் எழுதுகோலும் இல்லாத அவ்வூரில் பிள்ளைகள் ஆற்றுமணலைப் பரப்பி விரலால் எழுதிக் கற்றனர். அவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றார். உறவுப் பெண்கள் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டவராதலால் மகப்பேறு மருத்துவராக விரும்பினார். இராணுவ மருத்துவப் பணியில் இருந்து திரும்பிய காலத்தில், முப்பது வயதை ஒட்டி, கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் முறுக்கிக்கொண்டன. பேனாவைப் பிடிக்கவும் இயலவில்லை. மகப்பேறு மருத்துவம் என்ற கனவு அத்தோடு முடிந்தது.

மணலில் எழுதக் கற்ற அந்த விரல்கள் மீண்டும் முதலிலிருந்து கற்கத் தொடங்கின. அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களில் அறுவைக் கத்தி நிற்கும்படி பயின்றார். தம் கைக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டார். வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவை அந்தக் கைகளே. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில், தம்பி தங்கையர் குடும்பங்களின் துணையோடு மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரின் பணத்தால் இயலாதவர்க்கு இலவசச் சிகிச்சை என்பது அதன் ஏற்பாடு. 1988இல் திருநெல்வேலியிலும் கிளை ஏற்பட்டது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்த நாளில், 1992இல் அதை மதுரையிலேயே செய்யும் 'ஆரோலேப்' நிறுவப்பட்டது. வில்லையின் விலை ஏழைக்கும் எட்டும் அளவுக்கு இறங்கியது. அவர் 2006ஆம் ஆண்டு மறைந்தார். அவர் அரவிந்தரின் நெறியைப் பின்பற்றியவர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். பார்வையற்றோர்க்குப் பார்வை என்ற நற்செய்தி வாக்கு அவர் கைகளில் நிறைவேறியதைக் கண்டு மகிழ நமக்குத் தடை ஏதும் இல்லை.

நம் பாளையங்கோட்டை நகரிலும் இவ்வகைத் தொண்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், சுவைன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் தொடங்கிய பள்ளிகள் பல தலைமுறைகளை ஆளாக்கின. கண் செய்யவேண்டியதை விரல் ஏற்றுக்கொள்ளும் அற்புதத்தை பிரெயில் எழுத்தில் காணலாம். இந்திய மொழிகளுக்கு 1951இல் ஏற்கப்பட்ட பொது பிரெயில் முறைக்கு 'பாரதி பிரெயில்' என்று பெயர். எட்டயபுரத்தார் உடனே உரிமை கொண்டாடவேண்டாம். அது பாரத நாட்டைக் குறித்த பெயர்.

கூட்டத்திலிருந்து தனியே

கண்ணுக்கு முகாம்கள் உண்டு. பேருந்து அனுப்பி அழைத்துச் செல்கிறார்கள். காதுக்கு அத்தகைய கவனம் இல்லை. காது மங்கிய முதியவர், நான்கு பேர் பேசும் வீட்டில் சிரிப்பை மட்டும் பார்க்கிறார்; என்ன பேச்சு என்று கேட்டால் 'ஒன்றுமில்லை தாத்தா' என்ற விடை வருகிறது. இரண்டு முறை அவ்வாறு விடை பெற்றவர் மூன்றாம் முறை கேட்பதில்லை. முதுமை மறதிக்கான காரணங்களுள் தவிர்க்கக்கூடியவற்றில் செவித்திறன் குறைவு முக்கியமான ஒன்று என்று இன்றைய மருத்துவ ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாது திக்கிப் பேசிய ஒருவரை இயேசு பெருமானிடம் கொண்டு வருகிறார்கள். ஆண்டவர் முதலில் செய்தது, அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றது. பின்னரே காதில் விரலை வைத்தார், நாவைத் தொட்டார், 'எப்பேத்தா' என்றார். கேளாதவரிடம் சொல்லால் மட்டும் பேசிப் பயனில்லை என்று அறிந்து, அவருக்குப் புரியும் தொடுமொழியில் ஆண்டவர் பேசினார். வீட்டில் நாம் செய்யத்தக்கதும் இவ்வளவே. அடுத்த அறையிலிருந்து கத்துவதை விட்டு, அருகில் சென்று, முகம் தெரியும்படி அமர்ந்து, தோளைத் தொட்டு, நிதானமாகப் பேசினால் பாதிக் குறை தீரும். மீதிக்குக் காது மருத்துவரும் செவிக்கருவியும் உள்ளனர். சில வேளைகளில் காதில் இறுகிய அழுக்கை எடுத்ததும் கேட்டுவிடுகிறது!

பிள்ளைகளுக்கோ கண்ணும் காதும் நன்றாகவே உள்ளன. ஆனால் அவை இரண்டுக்கு மட்டுமே வேலை. கைப்பேசியின் கண்ணாடிக்கு மணம் இல்லை, சுவை இல்லை. ஈரமும் காய்ச்சலும் ஒன்றே. அதைப் பிடுங்கி எறிவதால் பயன் இல்லை. அதற்கு மாறாகப் பாகு காய்ச்சும் நாளில் பேத்தியை அடுப்பருகே அழைத்து, அந்த 'டங்' ஒலியை அவளே கண்டு சொல்லட்டும் என்று விடலாம். விதைப்புக்கு முன் பேரனின் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்து, என்ன சொல்கிறது என்று கேட்கலாம். கேட்பவர் தாத்தாவாக இருந்தால், அவருக்கும் பேச ஓர் ஆள் கிடைக்கும்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வீட்டிலுள்ள பெரியவரைக் கோயில் அறிவிப்புப் பலகையின் முன் சற்று நிறுத்துங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை. இரு கண்களும் திறந்திருக்கையில் நல்ல கண் மங்கிய கண்ணின் குறையை மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்பது தேவை. எழுத்து புகைமூட்டமாகத் தெரிவதாகச் சொன்னால், அடுத்த கண் முகாம் எந்த நாள் என்பதை அங்கேயே நின்று விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.